மூணு டிகிரி ஆப்பு

பச்சைமலை அடிவாரத்தில் ஓடைக்குறிச்சி என்று ஓர் ஊர். அறிவுக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் அந்த அறிவில் பெரும்பங்கை நாலு பேர் தங்களிடமே வைத்துக்கொண்டதால், மற்றவர்கள் இருக்கிறதை வைத்துச் சுமாராகப் பிழைத்து வந்தார்கள்.

நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார்கள். துரைக்கண்ணு ஓட்டுவான், யோசிக்கிற வேலையும் அவனுடையதுதான். பெரியண்ணன் பலசாலி. வண்டி நின்றால் தள்ளுவான், மறந்துபோய் ஓடும்போதும் தள்ளுவான். ரெங்கராசு பத்தாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். ஒரே வகுப்பை அவ்வளவு ஆழமாகப் படித்தவன் அந்த வட்டாரத்திலேயே இல்லை என்பதால் கணக்கு அவன் பொறுப்பு. நாலாவது ஆள் மருதை. மற்ற மூன்று பேர் சொல்வதை நம்புவது அவன் வேலை. முப்பத்து மூன்று வயது வரைக்கும் அதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அந்த மருதைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், மலைமேல் இருக்கிற மேல்கரட்டைச் சேர்ந்த செம்பாயி. பெண் பார்க்கப் போனபோது அவள் தட்டில் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். பதற்றத்தில் மருதை ஒரு சுளையைக் கொட்டையோடு விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்து பார்த்தான். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. இதற்கு முன்பு இரண்டு இடம் கைகூடாமல் போயிருந்தது. இது போனால் அடுத்தது கிடையாது என்று வீட்டில் சொல்லாமலேயே அவனுக்குத் தெரியும்.

பெண்ணின் அப்பா பூவலிங்கம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மூத்தவ கல்யாணத்துல மாப்பிள்ளை வந்த வண்டி பாதி மலையில நின்னுபோச்சு. முகூர்த்தம் தாண்டி, பந்தி முடிஞ்சு, இலை எடுத்தப்புறம் நடந்து வந்து சேந்தாங்க. இந்தத் தடவை வியாழக்கிழமை எட்டு மணிக்கு மாப்பிள்ளை வண்டி என் வாசல்ல நிக்கணும். நிக்கலேன்னா பரவாயில்ல. என் தங்கச்சி மகன் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு முன்வரிசையிலயே உக்காந்திருப்பான்."

மருதை வயிற்றைப் பிசைந்துகொண்டே மலையிறங்கினான். அது பலாக்கொட்டையா, தங்கச்சி மகனா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மேல்கரட்டுப் பாதை கல்லும் குழியுமானது. ஜீப் ஒவ்வொரு கல்லையும் வயிற்றால் விசாரித்துக்கொண்டுதான் மேலே போகும். கல்யாணத்தன்று அப்படிப் போனால் மரியாதையாக இருக்காது என்று துரைக்கண்ணு யோசித்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தொங்குகிற ஷாக்கிள் கொக்கியைக் கழற்றி, அதைப்போல் இரண்டு மடங்கு நீளத்தில் அடித்துப் போட்டான். ஜீப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டுக்கிளி மாதிரி நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓட்டியபோதுதான் பிரச்சினை. இருபதைத் தாண்டினால் உதற ஆரம்பித்தது. முப்பதில் மருதையின் கடைவாய்ப் பல் ஆடியது. நாற்பதில் எதிரே சைக்கிளில் வந்தவருக்கும் ஆடியது.

இந்த உதறலோடு மலையேறினால் பாதியில் ஜாயின்ட் உடைந்து நிற்கும் என்பது துரைக்கண்ணுவுக்கே தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் மெக்கானிக் அபூபக்கர் பாய்க்குப் போன் போட்டார்கள்.

பாய் ஊரில் இல்லை. கண் ஆபரேஷன் முடிந்து திருச்சியில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு கண்ணில் கட்டு. குனியக்கூடாது, தும்மக்கூடாது, கோபப்படக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். முதல் இரண்டையும் அவரால் காப்பாற்ற முடிந்தது.

"பாய், வண்டி உதறுது."

"எப்போலேர்ந்து?"

"பின்னாடி தூக்கினதுலேர்ந்து."

"யாரு தூக்கச் சொன்னா?"

துரைக்கண்ணு சற்று யோசித்தான். "நான்தான் பாய் எனக்குச் சொன்னேன்."

பாய் மூச்சை இழுத்து விட்டார். "சரி, கேட்டுக்க. கியர்பாக்ஸ்லேர்ந்து பின்சக்கர அச்சு இருக்கிற ஹவுசிங்குக்கு ஒரு நீள ராடு போகுதுல்ல? அது போய் மாட்டுற இடம் பினியன். நீ பின்னாடி தூக்கினதுல பினியனோட மூக்கு மேல பாக்குது. ராடு கோணலா சுத்துது, அதான் உதறுது. பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல ஆப்பு வெச்சு மூக்கைக் கீழ இறக்கணும். என் பட்டறை அலமாரியில ஒரு ஜோடி இரும்பு ஆப்பு இருக்கு. சாவி பக்கத்து டீக்கடையில இருக்கு."

"எவ்வளவு இறக்கணும் பாய்?"

"கண்ணை மூடிக்கிட்டு மூணு டிகிரி. ஆனா எதுக்கும் அளந்து பாத்துக்க. இல்லேன்னா பேசாம வேற வண்டியை எடுத்துட்டுப் போங்களேன்டா, நல்ல காரியம் பாரு."

"வேற வண்டிக்கும் பினியன் இருக்குமே பாய்."

பாய் போனை வைத்துவிட்டார்.

நாலு பேரும் ஜீப்பைச் சுற்றி உட்கார்ந்து ஆலோசித்தார்கள். "நம்ம ஊர்ல மூணு டிகிரி தேறுமா?" என்று கேட்டான் ரெங்கராசு. மருதை விரல் விட்டான். பள்ளிக்கூட வாத்தியார் ஒரு டிகிரி. அவர் சம்சாரம் ஒரு டிகிரி. மூன்றாவதுக்கு மாட்டு டாக்டர்தான் இருந்தார், அவரும் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அதிர்ஷ்டவசமாக அன்று வந்திருந்தார். மூன்று பேரையும் கையோடு கூட்டி வந்து ஜீப்புக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தினார்கள்.

"கொஞ்சம் இறங்குங்க சார்" என்றான் பெரியண்ணன், மரியாதையாக.

"எங்கப்பா இறங்குறது?"

"அது தெரியல சார். மூணு டிகிரி இறங்கணும்னு பாய் சொல்லியிருக்காரு."

வாத்தியார் பொறுமைசாலி. ரெங்கராசுவுக்கே மூன்று வருடம் பாடம் நடத்தியவர். மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, அரைவட்டம் போட்டு, கோணம் என்றால் என்ன, அதை டிகிரி என்று ஏன் சொல்கிறோம் என்று மறுபடியும் விளக்கினார். கோணமானியை வைத்து அளக்க வேண்டும் என்றார். ரெங்கராசு வீட்டுக்கு ஓடிப் போய்த் தன் ஜியோமெட்ரி பெட்டியை எடுத்து வந்தான். உள்ளே கோணமானி புத்தம்புதிதாக இருந்தது. மூன்று வருடத்தில் அதை ஒருமுறைகூடத் தொட்டு அழுக்காக்காமல் வைத்திருந்தான்.

"இந்த டிகிரியா? இதை முதல்லயே சொல்லியிருந்தா மாட்டு டாக்டருக்கு அலைச்சல் இல்லாம போயிருக்கும்" என்றான் துரைக்கண்ணு. மாட்டு டாக்டரும் அப்படித்தான் நினைத்தார்.

மறுபடியும் பாய்க்குப் போன். கோணமானி கிடைத்த செய்தியில் அவர் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

"நல்லது. கோணமானியோட நடு ஓட்டையில ஒரு நூலைக் கட்டி, நுனியில ஒரு நட்டைத் தொங்க விடு. அதான் உனக்குத் தூக்குக்குண்டு. வண்டியைச் சமதரையில நிறுத்திட்டு அளக்கணும். சமதரை முக்கியம்."

ஓடைக்குறிச்சியில் அப்படி ஒன்று கிடையாது. எந்தத் தெருவில் கோலிக்குண்டை வைத்தாலும் அது உருண்டு பெருமாள் கோயில் வாசலில் போய்த்தான் நிற்கும். நாலு பேரும் ஊரைச் சுற்றி வந்து களைத்துப் போய் உட்கார்ந்தார்கள்.

"தரை முக்கியம்னாரா, சமம் முக்கியம்னாரா?" துரைக்கண்ணு கேட்டான்.

"சமதரை முக்கியம்னாரு" என்றான் மருதை.

"ரெண்டும் நமக்குச் சேந்தாப்ல கிடைக்காது. ஒண்ணுதான் கிடைக்கும். சமத்தை வெச்சுக்குவோம். இந்த ஊர்ல சமமா இருக்கிறது எது?"

மருதை சுற்றுமுற்றும் தேடிப் பார்த்தான்.

"தண்ணி" என்றான் பெரியண்ணன். அவன் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

துரைக்கண்ணு எழுந்து நின்றான். இவ்வளவு பெரிய விஷயம் பெரியண்ணன் வாயிலிருந்து வந்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டான். ஏரியில் தண்ணீர் இருந்தது. அதன் மேல்பரப்பு ஒரு மேடு பள்ளம் இல்லாமல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அதில் ஜீப்பை இறக்கி நிறுத்தினார்கள். சக்கரம் மூழ்கி, பினியனும் மூழ்கியது. ரெங்கராசு கோணமானியோடு முங்கினான். எழுந்தான். மறுபடி முங்கினான். பிறகு கரைக்கு வந்து போனை வாங்கினான்.

"பாய், நூல் மிதக்குது."

மறுமுனையில் பாய் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கேட்டது.

"நூல் ஏன்டா மிதக்குது?"

"நட்டு மூழ்குதுன்னு கழட்டிட்டோம். தண்ணிக்குள்ள மிதக்கத்தானே பாய் செய்யும்?"

டாக்டர் எழுதிக் கொடுத்த மூன்றாவது கட்டளை அன்று முழுதாக மீறப்பட்டது. பாயின் மகள் போனைப் பிடுங்கி, அப்பாவுக்குச் சொட்டு மருந்து போடுகிற நேரம் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஜீப்பைச் சேற்றிலிருந்து வெளியே இழுக்க இரண்டு ஜோடி மாடுகளும் ஒரு டிராக்டரும் தேவைப்பட்டன. மாடுகளுக்குச் சுளுக்கு. மாட்டு டாக்டர் ஊரை விட்டு இன்னும் கிளம்பாமலிருந்தது நல்லதாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை பாயே போன் செய்தார். குரல் தணிந்திருந்தது. "தம்பி, உங்க ஊர்ல நெல்லு காயப்போடுற சிமெண்ட் களம் இருக்குல்ல? அது சமம்தான். நான் போட்ட தளம். அங்க கொண்டுபோய் நிறுத்து. அப்புறம் இன்னொண்ணு. வண்டி காலியா நிக்கக்கூடாது. காலியா இருந்தா பட்டை தூக்கிக்கும், அளவு தப்பாயிடும். கல்யாணத்தன்னைக்கு எப்படிப் போவீங்களோ, அப்படியே உக்காந்திருக்கணும். பாரம் அதே பாரமா இருக்கணும்."

"அப்படியே உக்காரணுமா பாய்?"

"அச்சு அசல் அப்படியே."

புதன்கிழமை காலை களத்தில் ஜீப் நின்றது. முன் இருக்கையில் மருதை பட்டு வேட்டி, சந்தனம், ஆளுயர மாலையோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் துரைக்கண்ணு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். பின்னால் மருதையின் அத்தைகள் இருவர், சீர்த் தட்டுகள், ஒரு வாழைத்தார். அவர்களுக்கும் பின்னால் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும். அச்சு அசல் என்று பாய் சொல்லியிருந்ததால் அவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற மருதையின் சந்தனம் காதோரம் வழிந்தது. களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

வண்டிக்கு அடியில் போகவேண்டியவர்கள் ரெங்கராசுவும் பெரியண்ணனும். இங்கே ஒரு சிக்கல் வந்தது. இருவரும் கல்யாணத்தன்று வண்டியில் வருகிறவர்கள். அடியில் படுத்தால் மேலே பாரம் குறையும். மேலே உட்கார்ந்தால் அடியில் அளக்க ஆள் இல்லை. அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ரெங்கராசு அளவுக்கு ஒன்றரை மூட்டை நெல்லும், பெரியண்ணன் அளவுக்கு மூன்று மூட்டையும் ஏற்றினார்கள். பெரியண்ணனுக்கு மூன்று மூட்டை என்பதில் மனக்குறை. அவன் இரண்டேமுக்கால்தான் என்று சொல்லிக்கொண்டே அடியில் போனான்.

"முதல்ல கியர்பாக்ஸ் பக்கம் வெச்சுப் பாரு" என்று போனில் பாய் சொன்னார். "நூல் எந்தக் கோட்டுல நிக்குது?"

"நூல் நிக்கல பாய்" என்றான் ரெங்கராசு. "தொங்குது."

"சரி. எந்தக் கோட்டுல தொங்குது?"

"நாலுல."

"இப்ப பினியன் பக்கம் போ. மூக்குக்கிட்ட சுத்தாத இடமாப் பாத்து, நல்லா ஒட்ட வெச்சுப் பாரு."

ரெங்கராசு வெளியே தவழ்ந்து வந்து, சைக்கிள் கடைக்குப் போய், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூப் ஒன்று வாங்கி வந்தான். கோணமானியைப் பினியனுக்குப் பக்கத்தில் நன்றாக ஒட்ட வைத்தான். இனி அது இந்த ஜென்மத்தில் வராது என்று உறுதியான பிறகு நூலைப் பார்த்தான்.

"ஏழு பாய்."

"ஆக ரெண்டுக்கும் வித்தியாசம் என்ன?"

ரெங்கராசு அடியிலிருந்து முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான். "கியர்பாக்ஸ் முன்னாடி இருக்கு பாய். பினியன் பின்னாடி இருக்கு."

"தம்பி" என்றார் பாய், மிக மெதுவாக, "ஏழுலேர்ந்து நாலைக் கழிச்சா எவ்வளவு?"

இந்த வகைக் கணக்கு பத்தாம் வகுப்பில் இல்லை. ரெங்கராசு தடுமாறினான். மேலே இருந்து ஒரு அத்தைதான் மூணு என்று குரல் கொடுத்தாள்.

"அல்லாவே, சரியா வந்திருக்கு. நான் சொன்ன மூணுதான். ஆப்பை எடுத்து வை. நட்டை மட்டும் பாத்து முடுக்கு."

பெரியண்ணன் ஜாக்கியை வைத்து ஏற்றினான். யாரையும் இறங்கச் சொல்லி உத்தரவு வராததால் யாரும் இறங்கவில்லை. மாப்பிள்ளை, அத்தைகள், நெல்மூட்டை, மேளம் எல்லாம் சேர்ந்து அரை அடி உயர்ந்தன. தவில்காரர் மட்டும் தாளம் தப்பாமல் கூரைக் கம்பியைக் காலால் கவ்விக்கொண்டார்.

அடியில் போனதும் பெரியண்ணனுக்குக் குழப்பம். "பாய் முதல்ல கண்ணை மூடிக்கிட்டு மூணு டிகிரின்னாரு. இப்ப பாத்து முடுக்குன்னு சொல்றாரு. மூடுறதா, பாக்குறதா?"

மேலேயிருந்து துரைக்கண்ணு யோசித்துச் சொன்னான். "ரெண்டும் அவர் வாக்குதான். எதையும் தட்டக்கூடாது. ஒரு கண்ணை மூடிக்க, ஒரு கண்ணால பாரு. பாயே இப்ப அப்படித்தானே இருக்காரு."

இதில் இருந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. பெரியண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுத்தியலைப் போட்டான். நட்டு இருந்த இடம் ஒன்று, சுத்தியல் விழுந்த இடம் ஒன்று. நடுவில் ரெங்கராசுவின் கட்டைவிரல் இருந்தது.

ஆப்பின் தடித்த பக்கம் முன்னாடி வரவேண்டும் என்று பாய் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ரெங்கராசு வண்டியின் முன்பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தான், பெரியண்ணன் பின்பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தான். ஆளுக்கொரு ஆப்பை, தடித்த பக்கம் தன் தலைப்பக்கம் வருகிற மாதிரி, மிகச் சரியாக வைத்தார்கள். ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது.

இந்த நேரம் பார்த்துக் களத்தின் வழியாகப் பூவலிங்கம் வந்தார். வெற்றிலை வாங்க அடிவாரத்துக்கு வந்தவர். ஒரு நாள் முன்கூட்டியே மாலை போட்டுக்கொண்டு அந்தரத்தில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையை அவர் ஏற இறங்கப் பார்த்தார். மருதை மாலையைச் சரிசெய்துகொண்டான். எல்லாம் முடிந்தது, தங்கச்சி மகனுக்கு இனி வேட்டி கட்டுகிற வேலைதான் பாக்கி என்று நினைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணம் நாளைக்குத்தானே?"

"ஒத்திகை மாமா" என்றான் மருதை. வேறு எதுவும் அவன் வாயில் வரவில்லை.

பூவலிங்கம் ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தார். நாதஸ்வரத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். வாழைத்தாரைத் தட்டிப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

"பரவாயில்லையே. மூத்த மாப்பிள்ளை இப்படி ஒருநாள் முன்னாடியே வந்து உக்காந்திருந்தா அன்னைக்கு லேட்டாகியே இருக்காது" என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார்.

மருதைக்கு உயிர் வந்தது. மாமனாரும் யோசிக்கத் தெரிந்தவர்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

வண்டியை இறக்கி ஓட்டியபோது உதறல் இரண்டு மடங்காகியிருந்தது. ஒரு அத்தையின் மூக்குத்தி கழன்று நெல்மூட்டையில் விழுந்தது. பாய் போனிலேயே விசாரித்து, ஆப்பு இரண்டும் எதிரெதிராக இருப்பதைக் கண்டுபிடித்தார். "முன்னாடின்னா வண்டிக்கு முன்னாடிடா. உனக்கு முன்னாடி இல்ல" என்று விளக்கினார். மறுபடியும் ஏற்றினார்கள். மறுபடியும் மேளம். சாயங்காலம் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது உதறல் துளிகூட இல்லை. செய்யக்கூடிய தப்பையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து தீர்த்துவிட்டதால் சரியானது ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதைத் தவிர்க்க அவர்களால் முடியவில்லை. நூல் சரியாக நாலில் தொங்கியது. ஏழுக்கு மூன்று குறைந்து நாலு என்று அத்தை உறுதிப்படுத்தினாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஊர் எல்லை வரைக்கும் ஜீப் வெண்ணெயில் போவது மாதிரி போனது. மருதைக்குச் செம்பாயியின் சிரிப்பு கண்ணில் வந்தது. முதல் ஏற்றம் தொடங்கியதும் துரைக்கண்ணு பிரேக் போட்டான்.

"எதுக்கும் ஒருதடவை நூலைப் பாத்துடு" என்றான்.

ரெங்கராசு இறங்கி அடியில் எட்டிப் பார்த்தான். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பதினாறு காட்டுது. மூக்கு மறுபடி மேல பாக்குது."

மூன்று நாள் உழைப்பு. முந்தின நாள் சாயங்காலம் நாலாக இருந்தது ஒரே இரவில் பதினாறாகிவிட்டது. பாய்க்குப் போன் போட்டார்கள். மகள் எடுத்தாள். கட்டுப் பிரிக்க அப்பா ஆஸ்பத்திரிக்குள் போயிருக்கிறார், போன் வெளியே இருக்கிறது என்றாள்.

"வண்டி மேட்டுல நிக்குது, அதனாலயோ?" என்றான் மருதை. அவன் வாழ்நாளில் சொன்ன சரியான விஷயங்களில் இது இரண்டாவது.

"மேடோ பள்ளமோ, மூக்கு மேல பாக்குதா இல்லையா?" என்றான் துரைக்கண்ணு.

"பாக்குது" என்று மருதை நம்பினான்.

மணி ஆறரை. பிறகு ஆறே முக்கால். மாலையிலிருந்து ரோஜா இதழ் ஒவ்வொன்றாக உதிர்ந்து மருதையின் மடியில் விழுந்தது. அங்கே முன்வரிசையில் ஒருவன் பட்டு வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருப்பது அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. "ஏதாவது பண்ணுங்கடா" என்றான்.

துரைக்கண்ணு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து யோசித்தான். பிறகு தலை நிமிர்ந்தான்.

"ஏத்தத்துல முன்னாடி போனா மூக்கு மேல பாக்கும். திருப்பிக்கிட்டு பின்னாடியே போனா?"

"கீழ பாக்கும்" என்றான் பெரியண்ணன்.

"பாய் என்ன சொன்னாரு? மூக்கைக் கீழ இறக்குன்னாரு."

ஜீப்பைத் திருப்பினார்கள். அங்கிருந்து மேல்கரடு வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர், பதினோரு கொண்டை ஊசி வளைவு. முழுவதையும் ரிவர்ஸில் ஏறினார்கள். துரைக்கண்ணு கழுத்தைத் திருப்பி ஓட்ட, பெரியண்ணன் பின்னால் தொங்கிக்கொண்டு கல் இருக்கிற இடமெல்லாம் சொல்ல, நாதஸ்வரக்காரர் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நடுவில் இறங்கி வந்த பால் வண்டிக்காரர், எதிரே வருகிறார்களா முன்னால் போகிறார்களா என்று தெரியாமல் வண்டியை நிறுத்திவிட்டுப் புதரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

எட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜீப் மேல்கரட்டுத் தெருமுனையில் தெரிந்தது. பந்தல் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் பார்த்தார்கள். முகத்தை மலையிறக்கத்துப் பக்கம் திருப்பிய மாப்பிள்ளை வண்டி.

"மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டுப் போறாரு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

பந்தலே எழுந்து ஓடி வந்தது. எட்டுப் பத்து பேர் ஜீப்பின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பந்தலைப் பார்த்து இழுத்தார்கள். ரிவர்ஸ் கியரில் ஏற முடியாமல் திணறிக்கொண்டிருந்த வண்டிக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. பூவலிங்கம் மூச்சிரைக்க வந்து ஜன்னலைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, வர்றீங்களா போறீங்களா?"

"வர்றோம் மாமா" என்றான் துரைக்கண்ணு. "முகம் மட்டும்தான் போகுது."

பூவலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு. வாசலைப் பார்த்தார். வண்டி நின்றது. வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டும் என்று அவர் நிபந்தனையில் சொல்லியிருக்கவில்லை. ஆரத்தியைப் பின்பக்கச் சிவப்பு விளக்குக்குச் சுற்றிவிட்டு மாப்பிள்ளையை இறக்கினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கச்சி மகன் எழுந்து, முதல் பந்திக்கு இடம் பிடிக்கப் போனான்.

மருதை தாலி கட்டினான். செம்பாயி தலையைக் குனிந்தபடியே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னைக்கும் பலாப்பழம் உண்டு. கொட்டையை எடுத்துட்டுத்தான் வைப்பேன்" என்றாள். அதற்கு மேல் அவனுக்கு மந்திரம் எதுவும் காதில் விழவில்லை.

சாப்பாடு முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். வண்டி ஏற்கெனவே இறக்கத்தைப் பார்த்து நின்றதால் திருப்புகிற வேலைகூட இல்லை. ஆனால் ரெங்கராசு நூலைப் பார்த்துவிட்டான்.

"இப்ப கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டுல தொங்குது. மூக்கு ரொம்ப இறங்கிப்போச்சு."

"இறங்கணும்னுதானே பாய் சொன்னாரு?" என்றான் பெரியண்ணன்.

"இறங்குறதுக்கும் ஒரு அளவு இருக்குல்ல" என்றான் துரைக்கண்ணு.

நடுத்தெருவில் வாதம் மூண்டது. பூவலிங்கமும் கலந்துகொண்டு, வண்டியைப் பக்கவாட்டில் ஓட்டிப் பார்க்கலாமே என்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மருதை செய்வதறியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, ஒவ்வொருவரையும் நம்பிக்கொண்டிருந்தான்.

செம்பாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் குனிந்தாள். கோணமானியைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்த நூலைப் பார்த்தாள்.

"இது எதுல இருக்கணும்?"

"நாலுல" என்றான் ரெங்கராசு.

கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். நூலை இழுத்து நாலு என்ற கோட்டின் மேல் வைத்து, பின்னைக் கோணமானியின் விளிம்போடு சேர்த்துக் கவ்வ வைத்தாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இனிமே மாறாது. மேட்டுல ஏறினாலும் நாலு, பள்ளத்துல இறங்கினாலும் நாலு."

ரெங்கராசு குனிந்து பார்த்தான். நாலு. வண்டியைப் பத்தடி உருட்டிவிட்டுப் பார்த்தான். நாலு. மூன்று நாள், மூன்று பட்டதாரிகள், ஒரு ஏரி, ஒரு கட்டைவிரல் செலவழித்தும் தீராத விஷயம். மருதைக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருடமாக மூன்று பேரை நம்பிக் காலத்தைக் கடத்தியிருக்கிறோம், நம்பவேண்டிய ஆள் மலைமேல் இருந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

துரைக்கண்ணு ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வந்தான். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். யோசிக்கிற வேலை தன் கையை விட்டுப் போகிறது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. அதைக் கௌரவமாகக் கொடுக்கவே நினைத்தான்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். இதே மாதிரி அந்த டீசல் முள்ளையும் ஒரு இடத்துல நிறுத்தி வைக்க முடியுமா?"

செம்பாயி ஜன்னல் வழியாக எட்டி, டாஷ்போர்டில் கால் அளவில் நின்றிருந்த முள்ளைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"மேல கண்ணாடியைக் கழட்டிக் கொடுத்தீங்கன்னா முடியும். என்கிட்ட இன்னும் ரெண்டு ஹேர்பின் இருக்கு."

அங்கேயே கண்ணாடியைக் கழற்றினார்கள். முள் டேங்க் நிறைந்ததைக் காட்டுகிற கோட்டில் போய் நின்றது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஜீப்பில் டீசல் ஒரு சொட்டுக் குறைந்ததில்லை. நாலாவது கொண்டை ஊசி வளைவில் ஆறு மாதமாக நிற்கிறது. ஓடத்தான் மாட்டேன் என்கிறது, டேங்க் மட்டும் எப்போது பார்த்தாலும் முழுசாக இருக்கிறது.